அரக்கர் சேனைக்கு உலை வைத்தவர் யார்?

நம் இல்லங்களில் பிள்ளைகள் இன்று விரும்பிப் படிக்கும் மாயக் கதைகளிலும், பார்க்கும் திரைப்படங்களிலும் தவறாது வரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. கொடிய மன்னன் ஒருவன் பல்லாயிரம் அரக்கரை எவரும் அறியாமல் மலைக்குகையில் திரட்டுகிறான். ஒருநாள் குகைவாயில் திறக்கிறது. கடல்போற் படை புறப்படுகிறது. அதுநாள்வரை அப்படை எதைத் தின்றது, எந்த நீரைக் குடித்தது, அதற்கு வேல் வடித்த கொல்லன் யார் என்று ஆசிரியர் சொல்வதில்லை, வாசகரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே நம் கருத்து.

வானம் பார்த்த பூமியாகிய நம் பந்தல்குடி வட்டாரத்திலேயே அத்தகைய படையொன்றைத் திரட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒளித்து வைக்க, சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளங்கள் உண்டு. ஊட்டுவது எப்படி? 10,000 பேருக்கு ஆளுக்கு ஒரு கிலோ தானியம் என்றாலும் நாளொன்றுக்கு 10 டன். அதாவது ஒரு லாரிச் சுமை. ஓராண்டுக்கு 3,650 டன். ஏக்கருக்கு 500 கிலோ குதிரைவாலி விளைவதாகக் கொண்டால் 7,300 ஏக்கரின் மகசூல் முழுவதும் அந்தப் பள்ளத்துக்கே போக வேண்டும். ஆளுக்கு 5 லிட்டர் வீதம் நாள்தோறும் 50,000 லிட்டர் தண்ணீர் வேறு. கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும் ஊரில், இத்தனை வண்டிகள் தேநீர்க்கடைக்காரர் கண்ணுக்குத் தப்பிச் செல்லுமா? படையை மறைக்கலாம், படையின் பசியை மறைக்க இயலாது.

அவ்வாறாயின் மறைவாகப் படை திரட்டியவரே இல்லையா? உண்டு. நம் ஊருக்குத் தெற்கே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஆங்கிலேயர் 1799-இல் தரைமட்டமாக்கினர். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, சில நாள்களுக்குள் அதனை மீண்டும் எழுப்பினார். விரட்டி வந்த படையினர் எழுந்து நின்ற மதிலைக் கண்டு திகைத்தனர். அங்கே மாயம் எதுவுமில்லை. சுற்றுப்புற மக்கள் மண் சுமந்தனர், வாய் திறவாதிருந்தனர். மக்களின் மௌனமே அந்த மதிலுக்கு மறைப்பாக அமைந்தது.

இந்த உண்மையை நம் பழம்புலவர்கள் நன்கறிந்திருந்தனர். கும்பகருணனை எழுப்பும் கம்பர், அவனுடைய தோளை மட்டும் பாடிவிட்டு நிற்கவில்லை. அறுநூறு வண்டிச் சோறு, பல நூறு குடம் கள், ஆயிரத்திருநூறு எருமைக்கடா என்று கணக்கு வைக்கிறார். அத்தனையும் உண்ட பின்னர் அவன் பசி சிறிதே ஆறிற்று என்கிறார். கலிங்கத்துப் பரணியில் சயங்கொண்டார் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். காளியின் பேய்கள் பசியால் வாடி, வயிறு ஒட்டிக் காத்துக் கிடக்கின்றன. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் அடுகின்றன. அச்சமூட்டும் அந்தப் பேய்களின்மீது நமக்கு இரக்கமும் பிறக்கிறது. பசியைச் சொன்னதனால் வந்த இரக்கம் அது.

உருது மொழியில் அமீர் ஹம்ஸாவின் வீரக்கதை வழியில் வந்த ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ 1883 முதல் லக்னோவில் அச்சேறிற்று. அக்கதைகளில் வரும் அம்ர் அய்யாரின் பையில் உலகமே அடங்கும். இதுவும் கணக்கைத் தட்டிக்கழிப்பதுதானே எனலாம். ஆயினும் கதைசொல்லி தன் மாயப்பையை வெளிப்படையாகக் காட்டிவிடுகிறான். கேட்போரும் நகைத்தபடியே ஒப்புக்கொள்கின்றனர். அங்கே ஏமாற்று இல்லை.

ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைக்கு முன்னோடியாகக் கொள்ளப்படுவது, டோல்கீன் எழுதி 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘லார்ட் ஆப் தி ரிங்ஸ்’. அதில் சாருமான் என்னும் மாயாவி ஐசங்கார்டு கோட்டையில் ‘ஓர்க்’ எனப்படும் அரக்கரைத் திரட்டுகிறான். உலைக்களங்களுக்கு விறகு வேண்டி அண்டைக் காட்டை வெட்டுகிறான். அந்தக் காட்டின் மர மேய்ப்பர்களே திரண்டு வந்து கோட்டையைத் தகர்க்கின்றனர். பிறகு அவன் பண்டசாலையில், தொலைதூரத்துச் சிற்றூர்ப் புறமாகிய ஷயரின் புகையிலைப் பீப்பாய்கள் கிடைக்கின்றன. சரக்கு வந்த வழியை நினைக்கும்போது ஐயம் எழுகிறது. கதையின் இறுதியில் ஊர் திரும்புவோர், தம் மக்களின் விளைச்சல் பறிக்கப்பட்டு வெளியே போனதை அறிகின்றனர். பெரும்பகைவனாகிய சாவுரானின் படைக்கோ, தெற்கே ஓர் ஏரிக்கரையில் அடிமைகள் உழுத வயல்கள் சோறிட்டன என்று ஓரிடத்தில் குறிக்கிறார் ஆசிரியர். போர் முடிந்தபின் புதிய அரசன் அவர்களை விடுவித்து அந்த நிலங்களை அவர்களுக்கே வழங்குகிறான். உலை வைத்தவரை அந்த ஆசிரியர் மறக்கவில்லை.

2001-இல் வந்த திரைப்படமோ, அரக்கர் சேற்றுக்குழியிலிருந்து முழு ஆளாய் எழுவதாகக் காட்டிற்று. தாயில்லை, மழலையில்லை, பசித்தழுத நாளில்லை. பின்வந்த கதைகள் பலவும் பின்பற்றியது இந்தச் சேற்றுக்குழியைத்தான். அந்த வயல்களை அல்ல.

இதில் கேடென்ன என்று கேட்கலாம். வயிறில்லாத பகைவனைக் கொல்வதற்கு மனம் கூசாது. ஆயிரவரை வெட்டிச் சாய்த்தாலும் வாசகன் கண் கலங்காது. கதையில் பழகிய அந்தக் கண்ணே, நாளை செய்தித்தாளில் ஒரு நாட்டு மக்களை அரக்கர் என்று எவரேனும் எழுதும்போதும் கலங்காதிருக்கும். படைக்குச் சோறிட்டவர் யார் என்று கேட்கப் பழகிய பிள்ளையோ, அங்கும் அடுப்புகள் உண்டு, அவற்றைச் சுற்றிப் பிள்ளைகள் உண்டு என்று எண்ணிப் பார்க்கும்.

நமக்குத் திருமறை கதையன்று. ஆயினும் கதை புனைவோர் அதனிடம் கற்கலாம். நபி சுலைமான் (அலை) அவர்களுக்காக ஜின்கள் அசைக்க இயலாத பெருங்கொப்பரைகள் செய்ததை ‘சபா’ அத்தியாயம் கூறுகிறது. ‘அந்நம்ல்’ அத்தியாயத்திலோ, ஜின்களும் மனிதரும் பறவைகளும் அணிவகுத்த அப்பெரும் படை எறும்புகளின் ஓடைக்கு வருகிறது. படை அறியாமலே மிதித்துவிடக்கூடும், புற்றுக்குள் செல்லுங்கள் என்று ஓர் எறும்பு தன் இனத்தை எச்சரிக்கிறது. அச்சொல் மன்னர் செவியில் விழுகிறது. அவர் புன்னகைத்து, நன்றியுணர்வைத் தந்தருளுமாறு இறைவனிடம் இறைஞ்சுகிறார். படையின் பெருமையைப் பாடுவோர் பலர். அதன் காலடியில் இருப்போரின் குரலையும் கேட்கச் செய்யும் கதையையே நம் பிள்ளைகளின் கையில் கொடுப்போமாக.