ஆராய்ச்சி மணியும் ஒன்றரை மனிதரும்

சென்ற தவணையில் மனுநீதிச் சோழன் கதையைப் படிப்பித்துக் கொண்டிருந்தபோது, இதே கதை மகாவம்சத்திலும் உண்டு என்று கூறினேன். வகுப்பு நம்பவில்லை. மகாவம்சம் தமிழரைப் பழிக்கும் நூலன்றோ, அதில் தமிழ் மன்னன் நீதிமானாக எவ்வாறு இடம்பெறுவான் என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டான். ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகள் ஓயாது ஓடும் வீதியருகே தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே தரிப்பில் நின்று பஸ் ஏறுகின்றனர். ஆயினும் ஒருவரின் புத்தகப் பையில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. அம்மாணவனின் கேள்விக்கு அன்று முழுமையாக விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சியே.

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, அநுராதபுரத்தில் வாழ்ந்த மகாநாமர் என்னும் பிக்கு பாளி மொழியில் இயற்றியதாகக் கொள்ளப்படுவது மகாவம்சம். அதன் கூற்றுப்படி சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் நாற்பத்து நான்கு ஆண்டுகள் இந்நாட்டை ஆண்டான். வழக்கென்று வருமிடத்துப் பகைவனையும் நண்பனையும் ஒன்றாகவே நோக்கினான். அவன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி. நீதி வேண்டுவோர் இழுத்து அடிக்க அதற்கு நீண்ட கயிறு. அவனுடைய ஒரே மகன் திஸ்ஸவாவிக்குத் தேரூர்ந்து செல்கையில் கன்று ஒன்று சக்கரத்திற் சிக்கி இறந்தது. தாய்ப்பசு வந்து மணியை அடித்தது. மன்னன் அதே தேர்ச்சக்கரத்தால் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்தான்.

திருவாரூரில் இதே நிகழ்ச்சியை வைத்துப் பாடுகின்றார் சேக்கிழார். ஆனால் முடிவு வேறு. பெரியபுராணத்தில் இறைவன் வீதியிலே தோன்றுகிறான். கன்றும் இளவரசனும் உயிர்விட்ட அமைச்சனும் எழுந்து விடுகின்றனர். மகாவம்சத்தில் எவரும் வருவதில்லை. மகன் மகனாகவே மாண்டு கிடக்கிறான். நீதிக்கு விலை உண்டு, அவ்விலையை எத்தெய்வமும் திருப்பித் தராது என்னும் கடுமை அங்கேயே இருக்கிறது. இலக்கியம் என்ற வகையில் பாளிக் கதையே உயர்ந்தது என்பது என் கருத்து. தமிழாசிரியன் ஒருவன் இவ்வாறு எழுதுவது சிலருக்குக் கசக்கலாம், கசக்கட்டும்.

எல்லாளன் பௌத்தன் அல்லன். அவன் பொய்ச்சமயத்தைக் கைவிடாதவன் என்று மகாநாமர் வெளிப்படையாகவே எழுதுகிறார். அவ்வாறு எழுதிவிட்டும் அவனை நீதிமான் என்கிறார். அரசனின் செங்கோல் வேறு, அவனது சமயம் வேறு என்ற பிரிவினை, இன்று மதச்சார்பின்மை என்று நாம் வழங்கும் கருத்தின் வித்து, இந்நூலின் உள்ளேயே கிடக்கிறது. அந்த மணியை அடிப்பவர் யார், எச்சமயத்தவர் என்று எவரும் கேட்பதில்லை. அடித்தது ஒரு பசு.

இனி நூலின் மறுபக்கம். துட்டகைமுனு புத்தரின் தாதுவைத் தன் ஈட்டியிலே பதித்துக்கொண்டு, பிக்குகள் உடன்வரப் போருக்குப் புறப்படுகிறான், வெல்கிறான். வென்றபின் அரண்மனை மேன்மாடத்தில், ஆடல் பாடல் சூழ இருக்கும்போது அவனுக்கு மகிழ்ச்சி பிறக்கவில்லை. எண்ணற்ற உயிர்களை அழித்தோமே என்ற நினைவு அவனை வருத்துகிறது. காப்பியம் முழுவதிலும் மானிட உள்ளம் இத்துணை நிர்வாணமாக வெளிப்படும் இடம் வேறில்லை எனலாம். வெற்றிக்குப் பின் இரங்கிய மன்னர் உலக வரலாற்றில் மிகச் சிலர். கலிங்கத்து அசோகன் அவருள் ஒருவன்.

அசோகனுக்கு அவ்விரக்கம் பாறைகளில் எழுதும் வாக்காயிற்று. துட்டகைமுனுவுக்கோ அதை வளர விடவில்லை. எட்டு அரகந்தர் வான்வழியே வருகின்றனர். மன்னா, வருந்தற்க, கொல்லப்பட்டவர் உண்மையில் ஒன்றரை மனிதரே என்கின்றனர். மும்மணிகளைச் சரணடைந்தவன் ஒருவன். ஐந்து சீலங்களை ஏற்ற மற்றவன் இன்னொருவன். இவ்விருவரையும் சேர்த்து அவர்கள் போட்ட கணக்கு ஒன்றரை. ஏனையோர் பொய்ச்சமயத்தார், விலங்கினும் மேலாக மதிக்கத் தகாதவர். மன்னன் ஆறுதல் அடைகிறான்.

இங்கே நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. சமயம் ஆட்சிக்கு அறத்தைப் புகட்டும், தலைவனை நெறிப்படுத்தும் என்பதே அரசியலில் மதம் வேண்டும் என்போரின் முதல் வாதம். இந்தக் காட்சியிலோ நெறி மன்னனிடம் தானாகவே இருந்தது. அதனை அகற்றியது ஆலோசனை கூற வந்த துறவறமே. மணி யாரையும் எண்ணவில்லை, அரகந்தர் எண்ணினர். அரசு ஒரு மதத்தைத் தன்னதாக்கிக் கொள்ளும் கணத்திலிருந்து, குடிமக்களில் யார் முழு மனிதர், யார் அரை மனிதர் என்று எண்ணும் வேலை தொடங்கிவிடுகிறது.

இக்காட்சி பழைய மரபா? மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சத்தில் இது இல்லை. அங்கும் எல்லாளன் நீதியுடன் ஆண்டவனே. துட்டகைமுனுவைப் பற்றியோ சில செய்யுள்களே உள்ளன. ஆகவே அரகந்தரின் கணக்கு துட்டகைமுனு காலத்து உண்மை என்பதிலும், மகாநாமர் காலத்துத் தேவை என்பதே பொருந்தும். அநுராதபுரத்தைப் பாண்டிய மன்னர் அறுவர் ஆண்டதும், தாதுசேனன் அவர்களை வென்று அரசு கட்டியதும் அந்த 5ஆம் நூற்றாண்டிலேயே. அப்பாண்டியருள் சிலர் விகாரைகளுக்குத் தானம் வழங்கியமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தமிழர் என்றால் பௌத்தத்தின் பகைவர் என்ற சூத்திரம் அந்நாளிலேயே உண்மைக்குப் புறம்பானது. மணிமேகலையைப் படைத்த மொழிக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழங்கதைதானே என்று தள்ளிவிடலாகாது. 2017 ஒக்டோபரில், மியன்மாரில் ரோகிஞ்சா மக்கள் இலட்சக்கணக்கில் எல்லை கடந்து ஓடிக்கொண்டிருந்த வேளையில், சிதகு சயாடோ என்னும் புகழ்பெற்ற பிக்கு இராணுவ அதிகாரிகளுக்கு ஆற்றிய உபதேசத்தில் துட்டகைமுனுவின் இதே கதையைத்தான் எடுத்துக் கூறினார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த ஒன்றரை செல்லுபடியாகிறது!

இலங்கையில் இக்கதையை இருபதாம் நூற்றாண்டு அரசியலுக்குள் கொணர்ந்தவருள் வல்பொல ராகுல தேரரும் ஒருவர். பிக்கு அரசியலில் ஈடுபடுவது புதுமையன்று, பழைய உரிமையே என 1946இல் வெளிவந்த தமது நூலில் அவர் வாதிட்டார். அவரை வெறும் இனவாதி என்று ஒதுக்குவது நேர்மையன்று. அவர் சார்ந்த வித்தியாலங்காரப் பிக்குகள் அந்நாளில் தொழிலாளர் பக்கமும் இடதுசாரிகள் பக்கமும் நின்றவர்கள். துறவி ஒருவர் வேலைநிறுத்தக்காரருடன் நிற்பதை நாம் ஏன் எதிர்க்க வேண்டும்? ஆயினும் குடிமகனாக நிற்பது ஒன்று. மதத்தின் பெயரால் ஆட்சியைப் பங்கு கேட்பது மற்றொன்று. 1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவை ஆட்சியில் ஏற்றப் பிக்குகள் ஊரூராகச் சென்று உழைத்தனர். அவருள் முன்னின்றவர் களனி விகாராதிபதி புத்தரக்கித்த. எம் ஊரிலிருந்து ஆற்றைக் கடந்தால் அவ்விகாரை தொலைவில் இல்லை. 1959 செப்ரெம்பரில் பண்டாரநாயக்கவைச் சுட்டவர் சோமராம என்னும் பிக்கு. சதியின் தலைவர் என நீதிமன்றம் கண்டது அதே புத்தரக்கித்தவை.

இந்த இடத்தில் நம் முகாமின் தவற்றையும் மறைத்தல் ஆகாது. எந்தச் சமயத்தவர்க்கும் தனிச்சலுகை வழங்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. அதனை நீக்கி, பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் அளித்த 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பை வரைந்த அமைச்சர், 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை வன்மையாக எதிர்த்த சமசமாஜி கொல்வின் ஆர். டி சில்வா. வலதுசாரிகள் 1978இல் அதனை 9ஆம் உறுப்புரையாகத் தொடர்ந்தனர். அவர்களைக் குறைகூறுமுன் நம் தோழரின் கையெழுத்தை நாம் வாசிக்க வேண்டும்.

பின்னர் நிகழ்ந்தவை வாசகர் கண்முன் நிகழ்ந்தவை. 2019 ஏப்பிரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் பிற இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. ஏழு மாதங்களுக்குள் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாகப் பதவியேற்றார். பதவிப் பிரமாணத்துக்கு அவர் தெரிந்த இடம், துட்டகைமுனு எழுப்பத் தொடங்கிய ருவன்வெலிசாய. அடுத்த ஆண்டு, கோவிட் நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் உறவினரின் கண்ணீரையும் மார்க்கத்தையும் பொருட்படுத்தாது எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியிலேதான் அவ்விதி கைவிடப்பட்டது. எண்ணிக்கை மறுபடியும் நடந்தது. 2022 யூலையில் அதே ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறியபோது காலிமுகத்திடலில் நின்றவர்கள் வரிசைகளில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் காத்திருந்த எல்லாச் சமயத்தவருமே.

இதுவரை எழுதியதை வாசித்துச் சைவ அன்பர்கள் சிலர் தலையசைத்திருப்பர். அவர்களிடம் ஒரு கேள்வி. ஆராய்ச்சி மணியைப் பாடிய அதே சேக்கிழார்தானே மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதையும் பாடினார்? அந்நிகழ்ச்சி வரலாற்றில் நடந்ததா என்பதை அறிஞர் பலர் ஐயுறுகின்றனர். நடந்திராவிடினும், நடந்ததாகப் பாடி மகிழ்ந்த உள்ளம் உண்மையானது. அங்கும் புலவரின் மனம் தடுமாறுவதைக் காண்கிறோம். சம்பந்தருக்குச் சமணர்பால் பகையில்லை என்று முதலிற் சொல்கிறார். ஆயினும் அடியார் திருமடத்துக்குத் தீங்கு செய்தவர்கள் ஆதலால் மன்னன் செயலை அவர் விலக்காதிருந்தார் என்கிறார். துட்டகைமுனுவின் அரகந்தர் ஆறுதல் மொழிந்தனர். நம் ஞானக்குழந்தை மௌனம் காத்தது. வேறுபாடு அவ்வளவே. சேக்கிழார் சோழப் பேரரசின் அமைச்சராயிருந்தவர் என மரபு கூறுவதையும் இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும்.

நம் காலத்திலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில், தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே நுழையாதவாறு மறித்து நின்றவர் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம். ஆகமத்தைக் காக்கிறேன் என்றார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் உடுத்த துணியோடு துரத்தப்பட்டபோது எம்மவரிற் பலர் காத்த மௌனம் எத்தகையது? ஆனால் ஈழத்தமிழர், பெரும்பான்மையும் சைவர், சா. ஜே. வே. செல்வநாயகம் என்னும் கிறித்தவரைத் தந்தை என்று அழைத்துத் தலைவராக ஏற்றதும் உண்மையே. அந்தத் தெளிவு நம்மிடம் இருந்தது. கோவில் வாசலில் மட்டும் ஏன் இல்லாமற் போயிற்று?

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். இரு நூல்களிலும் மணியும் உண்டு, கொலையும் உண்டு. அடுத்த தவணையில் மகாவம்சத்தின் அப்பகுதியைத் தமிழில் எழுதி வகுப்பிற் படிக்க எண்ணியுள்ளேன். கதையின் எஞ்சிய பகுதியையும் விடப்போவதில்லை. எல்லாளன் வீழ்ந்தபின் துட்டகைமுனு அவனுடலை மரியாதையுடன் தகனம் செய்வித்தான். வீழ்ந்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பி, அதற்கு வழிபாடு நடத்த ஆணையிட்டான். அதனைக் கடக்கையில் தம் காலத்து மன்னரும் வாத்தியங்களை நிறுத்தி அமைதியாகவே செல்கின்றனர் என்று மகாநாமர் எழுதி வைத்திருக்கிறார்.