அசையக்கூடாத முகங்கள்

ஒரு லென்ஸ் தேறுமா தேறாதா என்று பார்க்க நம்மிடம் ஒரே சோதனைதான் இருக்கிறது. படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, கண்ணிமை முடியை எண்ண முடிகிறதா என்று பார்ப்போம். முடிந்தால் 'செம ஷார்ப்'. இல்லையென்றால் 'சாஃப்ட்', வித்துடலாம். குறைந்த வெளிச்சத்துக்காகவே செய்யப்பட்ட ஃபாஸ்ட் லென்ஸை இப்படி மதிப்பிடுவது அநியாயம் என்பது என் கட்சி. அதற்கு நான் கூப்பிடும் சாட்சி ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' (1975).

பதினெட்டாம் நூற்றாண்டு அறைகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்று குப்ரிக் பிடிவாதமாக இருந்தார். கையிலிருந்த ஃபிலிமோ 100 ஏஎஸ்ஏ. அதை லேபில் கூடுதலாகக் கழுவி 200க்கு இழுத்தார்கள், அப்பவும் பத்தல. நாசாவின் அப்பல்லோ திட்டத்துக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. பிளானார் லென்ஸ்கள் மொத்தம் பத்துதான். அதில் மூன்றை குப்ரிக் வாங்கினார். அபர்ச்சர் எஃப் 0.7. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எஃப் 1.4ஐ விட நான்கு மடங்கு வெளிச்சம். லென்ஸின் பின்பக்கம் ஃபிலிமை ஒட்டி உட்கார வேண்டியிருந்ததால், மிட்செல் கேமரா ஒன்றையே அறுத்து மாற்றியமைத்தார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. கணக்குப் போட்டால், ஆறடி தூரத்தில் இந்த லென்ஸின் ஃபோகஸுக்குள் நிற்பது சுமார் 5 செ.மீ. ஆழம் மட்டும்தான். நடிகர் லேசாக முன்னால் சாய்ந்தால் முகம் போச்சு. அதனால் பக்கவாட்டில் செங்கோணத்தில் ஒரு வீடியோ கேமராவை வைத்து, நடிகர் எவ்வளவு நகர்கிறார் என்று அதில் பார்த்துக்கொண்டே ஃபோகஸ் பிடித்தார்கள்.

இப்போ அந்தச் சூதாட்ட மேசைக் காட்சியைப் பாருங்க. பேரியும் லேடி லிண்டனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அநேகமாக யாரும் அசைவதில்லை, கண்கள் மட்டும் நகர்கின்றன. பௌடர் பூசிய முகங்கள் மேல் மெல்லிய மூட்டம், பின்னால் கரைந்த சுடர்கள். பகல் காட்சிகளின் தெளிவு இங்கே இல்லை. ஆனால் மரியாதை என்ற பெயரில் உடம்பையே பூட்டிவைத்திருக்கும் ஒரு வர்க்கத்தின் கதை இது. அசைந்தால் அழிந்துவிடுவோம் என்பதுபோல அவர்கள் உட்கார்ந்திருப்பதை வசனம் சொல்லவில்லை, லென்ஸின் குறைபாடு சொல்கிறது. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது சும்மா இல்லை.

அப்படின்னா மங்கலா இருந்தாலே கலையா? இல்லவே இல்லை. மங்கலில் வகை இருக்கிறது. அபர்ச்சரை முழுக்கத் திறக்கும்போது லென்ஸின் ஓரம் வழியாக வரும் கதிர்கள் நடுக்கதிர்களோடு ஒரே புள்ளியில் சேராமல் போகலாம். அப்போது உள்ளே கூர்மை இருக்கும், மேலே ஒரு பனி படியும். அது லென்ஸின் குணம். மூக்கு மங்கி, காது தெளிவாக இருந்தால் அது ஃபோகஸ் பிடித்தவரின் தவறு. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கையோ ஆளோ ஆடியிருக்கிறது. பின்னிரண்டையும் லென்ஸ் தலையில் கட்டுவது எவ்வளவு தப்போ, அவற்றை 'மூடு' என்று விற்பதும் அவ்வளவு தப்பு. நட்ட நடு வெயிலில் எஃப் 1.4 திறந்து, பின்னணி கரைந்ததையே சாதனையாகப் போடும் படங்களை எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். அங்கே அந்த மங்கலுக்கு வேலையே இல்லை.

அடுத்த முறை ஒரு ஃபாஸ்ட் லென்ஸ் படத்தைப் பெரிதாக்கும் முன், அந்த இடத்தில் வெளிச்சம் எவ்வளவு இருந்தது என்று கேளுங்க. அந்த வெளிச்சத்தில் வேறு எந்த லென்ஸாலாவது அந்தப் படத்தை எடுத்திருக்க முடியுமா என்றும் கேளுங்க. இமை முடியை அப்புறம் எண்ணிக்கலாம்.