நெருஞ்சி முள்ளும் இரண்டு சைக்கிள் புத்தகங்களும்

சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு மண் பாதையில் போய், ராத்திரி எங்கேயாவது தங்கிவிட்டுத் திரும்புவதற்கு இப்போது பைக்பேக்கிங் என்று பெயர். பெயர் வந்த கையோடு பட்டியலும் வந்துவிட்டது. ஹேண்டில்பாரில் ஒரு உருளைப் பை, சட்டத்துக்கு நடுவே முக்கோணப் பை, சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு பை, டியூப்லெஸ் டயர், 12 பல்சக்கரம் வைத்த பின்கியர். எந்த வீடியோவைப் பார்த்தாலும் இதே சாமான்கள்தான், சொல்லும் ஆள்தான் வேறு. இந்தப் பட்டியலை எதிர்த்து எழுதியவர்கள் என்று இரண்டு பேரை அடிக்கடி சொல்வார்கள்: கிராண்ட் பீட்டர்சன், யான் ஹைனே. முன்னவரின் 'ஜஸ்ட் ரைட்' 2012இல் வந்தது. பின்னவரின் 'தி ஆல்-ரோடு பைக் ரெவல்யூஷன்' 2020இல். இரண்டையும் திருவண்ணாமலையில் உட்கார்ந்து, போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறும் சாலையை மனதில் வைத்து மறுபடி வாசித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிடணும். இரண்டு பேருமே கடைக்காரர்கள். பீட்டர்சன் பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனியின் அமெரிக்க சைக்கிள் பிரிவில் இருந்தவர், 1994இல் ரிவெண்டல் என்ற சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஹைனே 'பைசிக்கிள் குவாட்டர்லி' பத்திரிகை நடத்துகிறவர், ரெனே எர்ஸ் என்ற பெயரில் டயர் விற்கிறார். அகல டயர்தான் நல்லது என்று எழுதுகிறவரே அகல டயரும் விற்கிறார். இதை அவர்கள் மறைக்கவில்லை. அதனால் வாதம் பொய்யாகிவிடாது. ஆனா எந்த ஊர்க் கடையில் நின்று பேசுகிறார்கள் என்பது கடைசி வரை முக்கியம்.

ஹைனேயிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. டயரில் காற்று இறுக்கமாக இருந்தால் வண்டி வேகமாக ஓடும் என்பது நம்ம ஊர் சைக்கிள் கடை வரைக்கும் பரவிய நம்பிக்கை. கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, கல்லு மாதிரி ஆனால்தான் பம்பை எடுப்பார்கள். சமதளமான இரும்பு உருளையில் வைத்து அளந்தால் அது சரிதான். சாலையில் ஆள் உட்கார்ந்து ஓட்டும்போது கதை மாறுகிறது. ஒவ்வொரு கல்லுக்கும் சைக்கிளும் உடம்பும் சேர்ந்து குலுங்குகின்றன, அந்தக் குலுக்கலில் போகும் சக்தி திரும்ப வராது. ஹைனே குழுவினர் நெடுஞ்சாலை ஓரத்து அதிர்வுப் பட்டைகள் மேல் ஓட்டி, மிதிக்கும் சக்தியை அளந்து இதைக் காட்டினார்கள். ஃபிராங்க் பெர்ட்டோ என்ற பொறியாளர் தந்த பழைய கணக்கு ஒன்று உண்டு: ஆளும் சுமையும் ஏறியதும் டயரின் உயரம் 15 சதவீதம் அமுங்கினால் காற்று சரியாக இருக்கிறது என்று அர்த்தம். 2.2 அங்குல டயர், 75 கிலோ ஆள், 10 கிலோ மூட்டை என்றால் பின் டயருக்கு 25 முதல் 30 பி.எஸ்.ஐ. போதும். முன்னால் இன்னும் குறைவு. இந்த ஒரு காரியத்துக்குக் காசே வேண்டாம். செலவில்லாத செட்டப் மாற்றங்களில் இதைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தெரியாது.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. அகலமாக இருந்தால் மட்டும் போதாது, டயரின் உடல் மெல்லிசாக, துணி மாதிரி வளையணும் என்கிறார் ஹைனே. அவர் ஓட்டும் காட்டுச் சாலையில் அது சரியாக இருக்கலாம். நம்ம பக்கம் ஏரிக்கரை மேலே ஒரு கிலோமீட்டர் போய்ப் பாருங்க. கீழே நெருஞ்சி, பக்கத்தில் சீமைக்கருவேலம். நெருஞ்சியை மிதித்தால் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்துத்தான் கிடக்கும். கருவேல முள் இன்னும் மோசம். உள்ளே போய் ஒடிந்துகொள்ளும், வெளியே தெரியாது, டியூப் மாற்றிய பத்தாவது நிமிஷம் மறுபடி குத்தும். கொடுக்கல் வாங்கலைப் பாருங்க: நெருஞ்சி பழைய உலகத்துச் செடி, அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதிக்குப் போய் அங்கே ஆட்டுத்தலை என்று பெயர் வாங்கி சைக்கிள்காரர்களை அழவைக்கிறது. சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்து நம்மை அழவைக்கிறது.

டியூப்லெஸ் பழக்கத்துக்கு அந்த முள்நாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. டயருக்குள் ஊற்றும் ரப்பர்ப் பால் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துவிடும். ஆனால் அது வெயிலில் காயும். சித்திரை, வைகாசியில் இங்கே ரெண்டு மாசத்துக்கொரு முறை திறந்து பார்த்து ஊற்றணும். டயர் பெரிதாகக் கிழிந்து ரிம்மை விட்டு விலகினால், மறுபடி உட்கார வைக்க ஒரே மூச்சில் நிறைய காற்று அடிக்கணும். போளூர் தாண்டி மலையில் அதற்கு எங்கே போவது? என் கணக்கில், நடுப்பகுதி தடித்த சாதாரண டயர், கெட்டியான டியூப், ரெண்டு உபரி டியூப், சொல்யூஷனும் ஒட்டும். முள்ளைப் பிடுங்க ஒரு சின்ன குறடு. வேகத்தில் கொஞ்சம் போகும், போகட்டும். ஹைனே விற்கும் டயர் ஒரு ஜோடியின் விலைக்கு இங்கே ஒரு புது கேரியர் சைக்கிளே வாங்கிடலாம்.

வால்வைப் பற்றி இரண்டு புத்தகங்களையும் நம்பி இங்கே எதையும் முடிவு பண்ண முடியாது. நம்ம பழைய சைக்கிளில் இருப்பது வால்டியூப் போட்ட வால்வு. விலை உயர்ந்த சைக்கிள்களில் வருவது ஒல்லியான பிரெஸ்டா. பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கும் குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கு உள்ளது. ரிம்மில் துளை அகலமாக இருந்தால் மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு உள்ள டியூப் போடுங்க. இல்லையென்றால் பிரெஸ்டா மேலே திருகும் பித்தளைக் குமிழ் ஒன்று வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்க. சுண்டுவிரல் நகம் அளவு சாமான்தான். அது இல்லாமல் நடந்து வந்தவர்கள் உண்டு.

பீட்டர்சனுக்கு வருவோம். பந்தயக்காரர்களைப் பார்த்து சாதாரண ஆட்கள் சூடு போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் அவர் புத்தகத்தின் சாரம். இறுக்கமான உடை வேண்டாம், பெடலில் பூட்டும் செருப்பு வேண்டாம், ஹேண்டில்பார் உயரமாக இருக்கட்டும், பை வைக்க இடம் இருக்கட்டும், சைக்கிளின் எடையை எண்ணிக் கவலைப்படாதே. படிக்கும்போதே சிரிப்பு வருகிறது, ஏன்னா இதில் பாதி நம்ம ஊர் பால்காரரின் வண்டி. 28 அங்குல ரோட்ஸ்டரின் முன் ஃபோர்க் சுமார் 68 பாகையில் சாய்ந்து நிற்கும். இன்றைய மலைச் சைக்கிள்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கோணத்துக்குப் பக்கத்தில்தான். பால்காரர் கேன்களை கேரியரின் இரண்டு பக்கமும் கொக்கி போட்டுத் தொங்கவிடுகிறார். சுமை கீழே இறங்கினால் வண்டி ஆடாது என்ற அதே விதி.

இந்தக் கேரியர் விஷயத்தில் பட்டியல்காரர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. கேரியர் இல்லாத பைகள் எங்கிருந்து வந்தன? அலாஸ்காவின் பனிப் பாதைப் போட்டிகள், ராக்கி மலைத்தொடர் வழியே போகும் டூர் டிவைடு மாதிரியான பந்தயங்கள், கேரியர் பொருத்த முடியாத சஸ்பென்ஷன் சைக்கிள்கள். அங்கே எடை எண்ண வேண்டியிருந்தது, ஒற்றையடிப் பாதையில் பக்கவாட்டுப் பை புதரில் மாட்டியது. நம்ம பாதை தார் சாலை, உடைந்த தார் சாலை, ஏரிக்கரை, கொஞ்சம் சரளை மண். இதுக்கு இரும்புக் கேரியரும், ரெண்டு பக்கமும் கோணிப்பையோ பழைய ஸ்கூல் பையோ, கட்ட பழைய டியூபில் வெட்டிய ரப்பர்ப் பட்டையும் போதும். சட்டத்துக்கு நடுவே பெட்டி வைப்பதும் புது யோசனை இல்லை. 1897இல் அமெரிக்க ராணுவத்தின் 25வது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 1,900 மைல் சைக்கிளில் போனபோதே அது இருந்தது.

சுமையைப் பார்த்து சைக்கிளைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் எந்த பைக்பேக்கிங் புத்தகத்திலும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது: நடுவில் இருக்கும் பார் மேல் குழந்தையை உட்கார வைக்கலாம். பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். பெண்ணுக்கு இன்ன சட்டம் என்று கம்பெனி முடிவு செய்ததை அவர்கள் சுமையைக் கொண்டு மாற்றிவிட்டார்கள். பீட்டர்சன் இதைப் படித்தால் மகிழ்வார் என்றுதான் தோன்றுகிறது.

அப்போ பால்காரர் சைக்கிளிலேயே ஜவ்வாது மலை ஏறிடலாமா? முகநூலில் இப்படிப் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. இங்கேதான் பீட்டர்சன் வழியில் வரும் பழமை மோகத்தை நான் நம்ப மறுக்கிறேன். கணக்குப் போடுவோம். ரோட்ஸ்டரில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். ஆளும் வண்டியும் மூட்டையும் 90 கிலோ, ஏற்றம் நூற்றுக்குப் பத்து என்று வையுங்க. சாதாரண உடம்பு நீடித்துத் தரக்கூடிய 150 வாட்டில் மணிக்கு 6 கி.மீ. வேகம்தான் வரும். அந்த வேகத்தில் இந்த கியரில் நிமிஷத்துக்கு 19 மிதி. ஒவ்வொன்றும் படிக்கட்டில் மூட்டையோடு ஏறுவது மாதிரி, முட்டி தாங்காது. இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இதே ஏற்றத்துக்கு, கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 21 கியர் சைக்கிளில் சின்ன பல்சக்கரம் 24, பின்னால் பெரியது 28. நிமிஷத்துக்கு 57 மிதி வரும். பின் ஃப்ரீவீலை 14-34க்கு மாற்றினால் 70. டெரைலர் 34 பல் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளணும். ஆக, 12 கியர் சாமானுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டாமலே ஏற்றம் முடிந்துவிட்டது. குறை இல்லாமலில்லை: திருகி மாட்டும் ஃப்ரீவீல் ஹப்பில் வலது பக்கப் பால்ரஸ் உள்ளே தள்ளி இருப்பதால், கனமான சுமையில் பின் அச்சு வளையும். சுமையில் பாதியை முன்பக்கம் மாற்றினால் அச்சு பிழைக்கும். விலை மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரை கிலோ இருக்கும், ஒரு வருஷத்தில் துருப்பிடித்து நிற்கும். கடைக்காரர் அதைக் காட்டித்தான் விற்பார். நேரான இரும்பு ஃபோர்க் உள்ள சைக்கிளைக் கேளுங்க.

இறக்கம் இன்னும் பெரிய விஷயம், இரண்டு ஆசிரியர்களும் இதில் எனக்குப் போதவில்லை. காவலூர் வானாய்வகம் இருக்கும் உயரம் 725 மீட்டர். மலை மேலிருந்து அடிவாரத்துக்கு 500 மீட்டர் இறங்குகிறோம் என்று வையுங்க. 90 கிலோவுக்கு அதில் இருக்கும் ஆற்றல் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று தின்றது போக மிச்சம் எல்லாம் பிரேக்கில்தான் இறங்கும். ரோட்ஸ்டரின் கம்பி பிரேக்கை நம்பி, மழையில், குரோம் ரிம்மில், ஊசி வளைவில் இறங்கச் சொல்கிறவர் அந்தச் சாலையில் ஓட்டியவரில்லை. எதிரே அரசுப் பேருந்து வரும். கேபிள் இழுக்கும் சாதாரண டிஸ்க் பிரேக் போதும். கேபிள் அறுந்தால் எந்த ஊர்க் கடையிலும் போட்டுக்கொள்ளலாம். எண்ணெய் பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும், ஆனா ஜமுனாமரத்தூரில் அதைத் திறக்க ஆள் தேடணும். இறக்கத்துக்கு முந்தின நாளே வீலைச் சுற்றிவிட்டு கோட்டம் இருக்கிறதா பாருங்க, இருந்தால் கோட்டம் எடுத்துட்டுக் கிளம்புங்க.

தண்ணீர் பற்றி அவர்கள் சொல்வது நம்ம வெயிலுக்குக் காணாது. நான்கு லிட்டர் இல்லாமல் ஏற வேண்டாம், அதை சட்டத்துக்கு நடுவில் தாழ்வாக வையுங்க. பாட்டில் மேல் நனைத்த பருத்தித் துணி சுற்றினால் குடிக்கிற சூட்டில் இருக்கும். கூடாரம், தூங்கும் பை எல்லாம் மார்கழிக்கு மலை மேலே வேண்டுமானால் சரி. மற்றபடி போர்வையும் கொசுவலையும்.

பீட்டர்சன் உண்டாக்கிய சொற்களில் ஒன்றை மட்டும் நான் மறுப்பில்லாமல் ஏற்கிறேன்: 24 மணி நேரத்துக்குள் போய்த் திரும்பும் ஒரு ராத்திரிப் பயணம். சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி, போளூரில் டீ குடித்து, இருட்டுவதற்குள் மலை ஏறி, ஞாயிறு காலை சாமைச் சோறோ இட்லியோ சாப்பிட்டு இறங்கலாம். வேலைக்குப் போகிறவருக்கும் படிக்கிற பையனுக்கும் இதுதான் நடக்கக்கூடியது. ஆனால் அவர் ஊரில் மலையடிவாரத்தில் எங்கேயாவது விரித்துப் படுத்துவிடலாம் என்ற தொனி இருக்கிறதே, அதை இங்கே கொண்டுவர முடியாது. ஜவ்வாது மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. 1882ஆம் வருஷத்து வனச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது; அனுமதி இல்லாமல் உள்ளே படுப்பதும் அடுப்பு மூட்டுவதும் குற்றம், கோடையில் காட்டுக்கே ஆபத்து. ஊருக்குள் போய், பெரியவர் யாரையாவது பார்த்து, பள்ளிக்கூடத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ படுத்துக்கலாமாங்க ஐயா என்று கேளுங்க. பெரும்பாலும் பாய் ஒன்று வரும். காலையில் சைக்கிளைச் சுற்றி நாலு பசங்க நின்று எத்தனை கியர் என்று கேட்பார்கள், ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுத்துட்டு வாங்க.