பாய்ச்சலை ஏமாற்றும் கலை

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களின் கண்ணில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கைச் சாய்க்கப் பாய்ந்து வரும் முரட்டு ஆட்கள்தான் முதலில் படுவார்கள். பந்து கையில் இருக்கும்போதே அவரை வீழ்த்தினால் அது ‘சாக்’. 2022 பருவத்தின் லீக் ஆட்டங்களில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 70 சாக் எடுத்தது. அதே அணிக்கு, 2023 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுடன் ஆடிய இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 38-35 என்று தோற்றது. கணுக்கால் காயத்தோடு ஆடிய சீஃப்ஸின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஏன் பிடிக்க முடியவில்லை? அவருக்கு அரணாக நின்ற ஐந்து லைன்மேன்களின் பலம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, பாய்கிறவர்களின் வேகத்தை வீணாக்கிய திட்டம். ரசிக்க வேண்டியது அதைத்தான்.

அந்த ஆட்டத்தின் நான்காவது கால்பகுதியில் சீஃப்ஸின் கடேரியஸ் டோனி போட்ட டச்டவுனைப் பாருங்கள். கோல் கோட்டுக்கு ஐந்து யார்டு இருக்கையில் அவர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓடினார். தடுப்பவர்கள் உள்ளே நகர்ந்ததும் சட்டென்று திரும்பி வெளியே விரைந்தார். பக்கத்தில் ஆளே இல்லை. மஹோம்ஸ் பந்து வந்த கையோடு எறிந்துவிட்டார். சற்று நேரத்தில் மறுபக்கத்தில் ஸ்கை மூரை வைத்து அதே வித்தை! ஸ்கிரீன் பாஸ் இன்னும் குறும்பானது. லைன்மேன் தடுப்பதுபோல் நடித்து, எதிராளியை வேண்டுமென்றே உள்ளே விடுவார். அரண் உடைந்தது என்று பதற வேண்டாம். லைன்மேன் எந்தப் பக்கம் நழுவுகிறார் என்று கவனியுங்கள். பாய்ந்தவர்களின் தலைக்கு மேலாகப் பந்து அங்கேதான் போகும்.

அன்று ஆட்டம் நடந்த கிளென்டேல் மைதானத்தின் புல் வழுக்கியதே, அதனால்தானே என்பார்கள். வழுக்கியது உண்மை. ஆனால் அதே புல்லில் சீஃப்ஸ் இரண்டு சாக் எடுத்தது. கனமான ஆட்சேபம் வேறு: 2025 சூப்பர் பவுலில் அதே ஈகிள்ஸ் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்து 40-22 என்று வென்றது; அதுவும் கூடுதல் ஆளை அனுப்பாமலே. அப்படியானால் திட்டம் வெறும் அதிர்ஷ்டமா? இல்லை, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 2023-இல் இடைவேளையில் சீஃப்ஸ் பத்துப் புள்ளிதான் பின்தங்கியிருந்தது. பந்தோடு ஓடியும் முன்னேறலாம் என்பதால், பாய்கிறவர் ஒரு கணம் தயங்கியாக வேண்டும். 2025-இல் இடைவேளைக்கே ஈகிள்ஸ் 24-0 என்று முன்னிலை. இனி நீளமாக எறிவதைத் தவிர வழியில்லை என்று தெரிந்தபின் அவர் எதற்குத் தயங்குவார்? ஆகவே மூன்றாவது டவுன், அதாவது முன்னேறுவதற்கான மூன்றாவது முயற்சி, வரும்போது, இன்னும் எத்தனை யார்டு பாக்கி என்பதை முதலில் பாருங்கள். இரண்டு என்றால் திட்டக்காரரின் கை ஓங்கியிருக்கிறது. பன்னிரண்டு என்றால் பாய்கிறவரின் கை.