விடை தரும் நூலும் வினா தரும் நூலும்

மாலை ஏழு மணி. கம்பத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏலத் தோட்டத்தில் வேலை முடித்து, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக ஜீப்பில் திரும்பிய தாய் அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் கணக்கு நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறாள். தாய்க்குக் கூட்டல் கழித்தல் தெரியும். அதற்கு மேல் பள்ளிக் கணக்கு தெரியாது. அவளுக்கு உதவ இருப்பது ஒரு 'கைடு' மட்டுமே. அதில் கணக்கும் விடையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஐந்து நிமிடத்தில் வீட்டுப்பாடம் முடிந்துவிடுகிறது.

கைடைக் குறை கூறுவது எளிது. அதற்கு மாற்று என்ன என்று சொல்வதுதான் கடினம். மாற்று ஒன்றைச் சொல்ல முயன்ற நூலை இங்கே பார்ப்போம். புடாபெஸ்ட் நகரில் 1887-இல் பிறந்து, பிற்காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் ஜார்ஜ் போல்யா என்ற கணித அறிஞர். கணக்கைத் தீர்ப்பது எப்படி என்பது பற்றி அவர் எழுதிய 'ஹௌ டு சால்வ் இட்' என்ற நூல் 1945-இல் வெளிவந்தது.

அவர் கூறும் வழியில் நான்கு படிகள் உள்ளன. கணக்கைப் புரிந்துகொள்வது முதற்படி. வழி ஒன்றை வகுப்பது இரண்டாவது. அவ்வழியே செய்து முடிப்பது மூன்றாவது. வந்த விடையைத் திரும்பிப் பார்ப்பது நான்காவது. இவை யாருக்கும் தெரிந்தவைதானே என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஆசிரியர் மாணவனுக்குத் தருவது விடையை அன்று, வினாவை. நூலின் சிறப்பு அதுவே.

நம் ஊர்க் கணக்கு ஒன்றில் இதைச் சோதித்துப் பார்ப்போம். பெரியாறு அணையிலிருந்து வினாடிக்கு 1,000 கன அடி வீதம் தண்ணீர் திறக்கப்படுகிறது. ஒரு டி.எம்.சி., அதாவது 100 கோடி கன அடி தண்ணீர் வெளியேற எத்தனை நாள் ஆகும்?

மகள் 100 கோடியை 1,000-ஆல் வகுத்து, "பத்து லட்சம் நாள்" என்று எழுதிவிடுகிறாள். தாய் அடுப்படியிலிருந்தே கேட்கிறார்:

"என்னத்தாக் கேட்டிருக்கு?"

"ஒரு டி.எம்.சி. தண்ணி போக எத்தனை நாளுன்னும்மா."

"நீ எம்புட்டு எழுதியிருக்க?"

"பத்து லட்சம் நாளு."

"அம்புட்டு நாளா? நல்லாப் பாருத்தா."

பத்து லட்சம் நாள் என்பது 2,700 ஆண்டுகளுக்கும் மேல். பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்ததே 1895-இல்தான்! தவறு எங்கே? வகுத்து வந்த பத்து லட்சம் நாளைக் குறிக்கவில்லை, வினாடியைக் குறிக்கிறது. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். எனவே ஒரு நாளில் வெளியேறும் தண்ணீர் 8 கோடியே 64 லட்சம் கன அடி. 100 கோடியை இதனால் வகுத்தால் 11.57; ஏறக்குறைய பதினொன்றரை நாள்.

வாசகரே, தாய் சொல்லித் தந்த கணிதம் எவ்வளவு? ஒன்றுமில்லை. முதற்படியின் வினாவையும் நான்காம் படியின் வினாவையும் மட்டுமே அவர் கேட்டார். கைடு ஒருபோதும் கேட்காத வினாக்கள் இவை.

நூலின் அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. 1957-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பயிற்சிக் கணக்குகள் சேர்க்கப்பட்டன. முதலில் கணக்குகள் தனியே. அடுத்துக் குறிப்புகள் தனியே. இறுதியில் விடைகள் தனியே. மாணவன் திணறினால் முதலில் அவன் காண்பது குறிப்பைத்தான். கைடில் இந்த இடைவெளி இல்லை.

விடை அச்சிட்ட நூல் எல்லாமே தீங்கு என்றும் சொல்லிவிட முடியாது. கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்த இராமானுஜனுக்குக் கிடைத்த கார் என்பவரின் நூலும், தேர்வுக்கு மாணவரைத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர் எழுதியதுதான். அதில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன. நிரூபணங்களோ பெரும்பாலும் சுருக்கமானவை, அல்லது இல்லாதவை. அந்த இடைவெளியை இராமானுஜன் தாமே நிரப்பினார். முடிவைச் சொல்வதால் கேடில்லை. வழி முழுவதையும் எழுதித் தந்து மாணவனுக்கு வேலையே இல்லாமல் செய்வதுதான் கேடு. கணக்கைப் படம் பிடித்தால் வரி வரியாக விடை தரும் இன்றைய கைப்பேசிக்கும் இது பொருந்தும்.

போல்யாவின் நூலில் குறைகளும் உண்டு. அவர் காட்டும் உதவியாளர் கணிதம் நன்கு அறிந்த ஆசிரியர். எந்த வினாவை எப்போது கேட்பது என்பது அவருக்குத் தெரியும். கணிதம் அறியாத பெற்றோரை நூல் நினைத்துப் பார்க்கவில்லை. எடுத்துக்காட்டுகளில் பலவும் வடிவியலும் இயற்கணிதமும் கற்றவர்க்கே விளங்கும். மேலும், வினா மட்டும் போதாது. வாய்ப்பாடும் அலகு மாற்றமும் தெரியாத குழந்தை, "நல்லாப் பாரு" என்றதும் திகைத்து நிற்கும். தவறு இருக்கிறது என்பதைத் தாய் காட்டலாம். திருத்தும் வழியைப் பள்ளிதான் காட்ட வேண்டும்.

இங்கேதான் நம் வகுப்பறைகள் மாற வேண்டும். முடிக்காமல் வந்த கணக்குக்குத் தண்டனை, பார்த்து எழுதி முடித்த கணக்குக்குச் சிவப்பு மையில் 'சரி' என்றால், குழந்தை கைடைத்தானே நாடும்? "பத்து லட்சம் நாள் என்று வருகிறது; இது சரியில்லை, ஏன் என்று தெரியவில்லை" என்று எழுதி வரும் மாணவியே நான்கு படிகளில் முக்கியமானதை ஏறியவள். அந்தப் பாதிக் கணக்கை வாங்கிப் பார்க்கும் ஆசிரியர் வேண்டும். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' போன்ற முயற்சிகளில் மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலர்களும் இதை மனத்தில் கொள்வது நல்லது.

மாணவ நண்பர்களே, அணையிலிருந்து வினாடிக்கு 1,400 கன அடி திறந்தால் அதே ஒரு டி.எம்.சி. வெளியேற எத்தனை நாள் ஆகும்? விடையை இங்கே அச்சிடவில்லை. கணக்கிடத் தொடங்கும் முன் ஒன்றை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: பதினொன்றரை நாளைவிடக் கூடுமா, குறையுமா?