பன்மாகேசுவர ரக்ஷை: துறவியர் பெயரும் காவலர் பெயரும்

சிவாலயச் சாசனங்களைப் பயில்வோர் ‘இது பன்மாகேசுவர ரக்ஷை’ என்னும் தொடரை எண்ணிறந்த முறை கண்டிருப்பர். நிலம் எவ்வளவு, பொன் எவ்வளவு, விளக்கிற்கு ஆடு எத்தனை என்று விரிவாகச் சொல்லி வந்த கல்வெட்டு முடிவில் இச்சிறு தொடரோடு நின்றுவிடும். தலவரலாறு எழுதுவோர் சாசனத்தைச் சுருக்கும்போது முதற்கண் கழித்து விடுவதும் இதனையே. கடிதத்தின் அடியில் ‘இங்ஙனம்’ என்று எழுதுவது போன்றதொரு வழக்குச் சொல்லென அன்னோர் கருதினர் போலும். அக்கருத்துப் பொருந்தாது. துறவியரைக் குறிக்கும் சொற்களும் காவலரைக் குறிக்கும் சொற்களும் சைவ வழக்கில் எத்துணை அணுக்கமாய் இருந்தன என்பதற்கு இத்தொடரே கரியாகும். இதனை நிறுவுதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. சென்னையின் வடபாலுள்ள திருவொற்றியூரும் அதனை அடுத்த துறைமுகப் பகுதியுமே போதிய சான்று தரும்.

மாகேசுவரர் என்பார் மகேசுவரனுக்கு உரியவர். அவரெல்லாரும் இச்செயலைக் காப்பாராக என்பதே தொடரின் நேர்ப்பொருள். ‘மாகேசுவரர் என்னும் பெயர் இல்லறத்தார்க்கும் உரியதன்றோ? அதனைத் துறவியர் பெயரெனக் கொள்ளுதல் யாங்ஙனம்?’ எனின், அவ்வினா தக்கதே. திருவொற்றியூரில் விளக்கெரித்த கலியநாயனார் செக்குத் தொழில் புரிந்த இல்லறத்தார். பொருள் முட்டியவிடத்துத் தம் குருதியையே எண்ணெய்க்கு ஈடாக்கத் துணிந்தார். திருவிளக்கைக் காத்தலில் அவரினும் சிறந்த மாகேசுவரர் யாவர்? ஆயினும் கோயிலின் அன்றாடக் கணக்கையும் நிவந்தங்களையும் உடனிருந்து நோக்குதற்கு மனையும் மக்களும் இல்லாதார் பெரிதும் ஏற்புடையராயினர். சாசனங்களில் வரும் ‘மாகேசுவரக் கண்காணி’ என்னும் வழக்கு இதனை நன்கு புலப்படுத்தும். அது வெறும் புகழ்ச்சியன்று. கோயிற் காரியங்கள் முறைப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பின் பெயர். ரக்ஷை என்பது அணிச்சொல்லாயின், கண்காணி என ஒரு பொறுப்பு இருந்திருக்க வேண்டுவதில்லை.

இக்கண்காணி என்னும் சொல் பின்னர்ச் சென்ற வழி வியப்புக்குரியது. விவிலியத்தைத் தமிழாக்கிய சீர்திருத்தக் கிறித்தவர் திருச்சபைத் தலைவரைக் குறிக்க அதனைக் கையாண்டனர். இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கியவன் ‘கங்காணி’ ஆனான். சிவனடியார் பொறுப்பைச் சுட்டிய சொல், கூலிக்காரன் கேட்டு நடுங்கும் சொல்லாய் முடிந்தது.

இனித் திருவொற்றியூர் மடத்தை நோக்குவோம். இராஷ்டிரகூட மன்னன் மூன்றாங் கிருஷ்ணனுடைய 20-ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் ஒன்று அங்குள்ளது. அது சதுரானன பண்டிதர் என்னும் துறவியின் வரலாற்றைக் கூறுகின்றது. அவர் கேரள நாட்டிற் பிறந்தவர், இயற்பெயர் வல்லபன். சோழநாடு புகுந்து, பராந்தக சோழன் மகனாகிய இராசாதித்தனுக்குத் துணைவரும் படைத்தலைவருமாயினார். 949-இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானைமேலிருந்தபடியே மாண்டான். அப்பொழுது வல்லபர் உடனில்லை. தலைவனோடு உயிர்விடும் கடமை தவறியதே என்று உளம் வெதும்பியவர், கங்கையாடி, திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குருவினிடத்து விரதம் பூண்டு, அம்மடத்தின் தலைவராயினார். பின்னர் நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் 100 நிஷ்கம் பொன் ஒப்புவித்து, இறைவற்குச் சிறப்பு வழிபாடு நிகழ ஏற்பாடு செய்தார்.

காத்தற்குரியவனைக் காவாதொழிந்த ஒரு வீரர் ஏன் காட்டிற்குச் செல்லாமல் மடத்திற்கு வந்தார் என்பதே ஈண்டு உய்த்துணரற்பாலது. காவலை வெறுத்து அவர் துறவு புகுந்தாரல்லர். ஒருகாற் கைதவறிய காவலை மற்றொரு வடிவில் மேற்கொண்டாரென்று கொள்ளுதலே அவர் செயலுக்கு இயையும். மன்னன் மகன் மெய்யைக் காவாதவர், மகேசுவரன் திருமுற்றத்தைக் காக்க அமைந்தார். இன்னுமொன்று: தம் தலைவனைக் கொன்ற பகைவனது ஆட்சியாண்டிலேயே அவர் வரலாறு கல்லில் ஏறியிருக்கின்றது. தொண்டைநாடு அன்று கிருஷ்ணன் கையில் இருந்தது. ஆட்சி மாறினும் கோயில் நிவந்தம் மாறாதிருக்க வேண்டுமாயின், அதன் காவல் அரசரிடம் மட்டும் இருத்தல் போதாது. அரசு மாறும்போது மாறாதார் கையில் இருத்தல் வேண்டும். பன்மாகேசுவர ரக்ஷை என்னும் தொடரின் உட்கிடை இதுவே.

சித்தாந்த நூலும் இதற்கு அரணாகின்றது. சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கே அரனெனத் தொழுக என்று விதிக்கின்றது. இரண்டும் ஒரு நிலையின எனின், ஒன்று மற்றொன்றைக் காத்தல் இயல்பேயன்றோ! பதி என்னும் சொல்லை வடநூலார் காத்தற்பொருளதாகிய ‘பா’ என்னும் தாதுவினின்று பிறப்பிப்பர். அப்பதியாகிய பசுபதியின் பெயராலேயே ஒரு சார் துறவியர் பாசுபதர் எனப்பட்டனர். துறவியின் பெயருக்குள்ளேயே காவலனுடைய பெயர் அடங்கியிருத்தல் காண்க.

தமிழ்ச் சொற்களிலும் இந்நிலையே காணப்படும். ‘ஆண்டி’ என்பதனை ‘ஆள்’ என்னும் பகுதியோடு இயைத்துக் கூறுவர். ஆண்டவன், ஆண்டார், ஆண்டை என்பன அதன் இனம். நம்பியாண்டார் நம்பி என்னும் திருப்பெயரில் அச்சொல்லின் பெருமை விளங்கும். பழனிமேற் குமரக்கடவுள் ஆண்டிக்கோலத்தர். பழனியாண்டி, ஆண்டியப்பன் என மக்களுக்குப் பெயரிட்டு மகிழ்வோர் இன்றும் உளர். அப்பெயருடையானை விளிப்பவர் அன்பொடு விளிக்கின்றனர். அச்சொல்லையே பொதுப்பெயராக்கும்போது அவரே இகழ்கின்றனர். ‘ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி’ என்னும் பழமொழியில் ஆண்டி என்பான் ஒன்றுமில்லாதவன். ‘ஆண்டிகள் கூடி மடம் கட்டினது போல’ என்பதில் அவன் செயலற்றவனும் ஆயினான்.

இப்பிற்பழமொழியைத் திருவொற்றியூரில் நின்று சொல்பவர் சற்றே நிமிர்ந்து நோக்குவாராக. ஆங்குள்ள மூன்று நிலைக் கருங்கல் விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. வீரசோழத் தச்சன் என்னும் இரவி அதனைச் சமைத்தான். சமைக்க ஏவியவர் அக்காலத்துச் சதுரானன பண்டிதர். அம்மடத்துத் தலைவர் அப்பெயரையே வழிவழித் தாங்கி வந்தனராதலின், இவர் வல்லபருக்குப் பிற்பட்டவரென அறிக. ஆண்டி ஏவ எழுந்த கற்றளி ஆயிரம் ஆண்டாக நிற்கின்றது. கூடிப் பேசிக் கலைந்தவர் யாவரோ யாமறியோம், இவரல்லர்.

‘பண்டாரம்’ என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சுவையுடையது. பொருள் வைக்கும் கருவூலமே அதன் முதற்பொருள். சாசனங்களில் ஸ்ரீபண்டாரம் என்பது கோயிற் கருவூலம். பண்டாரி அதனைக் காப்பவன். திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனத் தலைவர்களைப் பண்டாரசந்நிதி என்பது மரபு. பண்டார சாத்திரம் என ஞானநூற் கோவைக்கும் பெயருண்டு. 17-ஆம் நூற்றாண்டில் மதுரைப்புறத்தில் உழைத்த ஏசுசபைக் குருமாருள் ஒரு சாரார், எல்லாக் குலத்தாரோடும் பழகும் பொருட்டு, 1640 முதல் ‘பண்டாரசாமிகள்’ என்னும் கோலமும் பெயரும் பூண்டனர். பிற சமயத்தார் விரும்பி எடுத்துக்கொள்ளுமளவு அன்று அச்சொல்லுக்கு மதிப்பிருந்தது. இன்று இராயபுரத்துத் தெருவில் ஒருவனைப் பண்டாரமென்றால் சண்டை மூளும். அகராதிகளோ கருவூலம், பண்டசாலை, சைவப் பரதேசி என்று பொருள்களை அடுத்தடுத்து அடுக்கிவிட்டு அமைகின்றன. கருவூலத்தினின்று இரவலனுக்கு எவ்வழி வந்தது என்று அவை சொல்வதில்லை. தனக்கென ஒன்றும் வையாதவனே பொதுப்பொருளைக் காத்தற்கு உரியன் என்பதே அவ்வழி. இடைப்பட்ட இப்பொருளை விட்டால் இரு முனைகளும் தொடர்பற்றுப் போகின்றன. திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்ட பட்டினத்தடிகளை நினைவார்க்கு இது எளிதில் விளங்கும். பண்டாரம் நிறைய வைத்திருந்த வணிகர் பண்டாரமானார். அவர் கோயிலுக்கு அணித்தாய் எண்ணூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் சரக்கோடு செல்கின்றன.

‘தம்பிரான்’ என்பது இறைவனையே குறித்த சொல். சுந்தரமூர்த்திகள் தம்பிரான் தோழர். அத்தோழர் இவ்வூர் மகிழமரத்தடியிற் சங்கிலியார்க்குச் சூளுரைத்துப் பின் சூள் பிழைத்த வரலாறு யாவரும் அறிந்தது. பிற்காலத்தில் ஆதீனத் துறவியர்க்கு அப்பெயர் உரியதாயிற்று. பரதேசி, பக்கிரி என்பவற்றைப்பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. அவை அயலிலிருந்து வந்தவனையும் இல்லாதவனையும் சுட்டுவன. காவற்பொருள் அவற்றுக்கு என்றும் இருந்ததில்லை.

இனிக் காவற்சொற்களின் பக்கம் திரும்புவோம். காப்பு என்பது கைவளையும், நோன்புக் கயிறும், நூன்முகத்து வணக்கமும், திருமேனிமேற் சாத்தும் பூச்சும் ஆம். புற்றுருவாகிய ஒற்றியூர்ப் பெருமான் ஆண்டு முழுதும் கவசத்துள் மறைந்திருந்து, கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டும் தைலக்காப்போடு காட்சி நல்குவர். ரக்ஷை என்பதும் வேள்விச் சாம்பலாய்க் குழந்தை நெற்றியில் இன்றும் இடப்படுகின்றது. கோயில் வாயில் காப்போன் ‘மெய்காவல்’ என இறைவன் மெய்யோடு சேர்த்தே சொல்லப்படுவான். இங்ஙனம் காவல் என்பது தொட்டு நிற்கும் அணுக்கத்தைக் குறித்தது.

நகரம் வளர்ந்தபோது இது மாறியது. கும்பினியார் காலத்துச் சென்னையில் ஊர்க்காவல் பெத்தநாயக்கன் என்னும் தலைவன் பொறுப்பாயிற்று. இராயபுரத்தை அடுத்த பெத்துநாயக்கன்பேட்டை அவன் பெயரால் வழங்குவது. களவு போன பொருளை மீட்டுத் தரவியலாதபோது அவனே ஈடு தரக் கடமைப்பட்டிருந்தான். அது பணத்தாலளந்த காவல். பயனுடையதே, குறை கூறுதற்கில்லை. இன்று காவலர் என்றால் போலீசார். துறைமுகத்திலும் எண்ணூர், மணலித் தொழிற்சாலை வாயில்களிலும் நிற்பாரை வாட்ச்மேன் என்றும் செக்யூரிட்டி என்றும் அழைக்கின்றனர்; ஆளுக்குப் பெயர் போய்த் தொழிலே பெயராயிற்று. காவலுக்குப் பழைய பரிவுப் பொருள் தங்கியிருக்கும் இடம் ஒன்று காண வேண்டின், இராயபுரத்துக் கத்தோலிக்கரின் வழக்கைக் காட்டலாம். படகுத் தொழிலாளர் எடுப்பித்த அங்குள்ள தேவாலயம் இராயப்பர் பெயரது. ஊருக்கும் தொழிலுக்கும் துணையாம் புனிதரை அவர்கள் ‘பாதுகாவலர்’ என்பர். குருவைச் ‘சாமியார்’ என்பர். துறவும் காவலும் அவர் நாவில் இன்னும் பிரியவில்லை.

ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பிரையர் என்னும் சொல்லைத் தமிழாக்குவோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 1642 முதல் சென்னையில் தங்கிய கப்புச்சின் சபையார் அவ்வகையினர். அச்சொல் இலத்தீனில் உடன்பிறந்தான் எனப் பொருள்படுவதன் வழியது. இரத்தல் அவர் ஒழுக்கமேயன்றிப் பெயரன்று. அவரைப் பண்டாரமென்றோ ஆண்டியென்றோ பெயர்த்தால், இன்றைய வழக்கில் இருதிறத்தாரும் இழிக்கப்படுவர். சகோதரத் துறவி என்பது ஒருவாறு பொருந்தும்.

கோயிலாட்சியைப்பற்றிய இக்காலச் சொல் ஒன்று எஞ்சியுளது. முன்பு தருமகர்த்தா என்றிருந்ததை, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பணிபுரிவார்க்கு இன்று ‘அறங்காவலர்’ என்று வழங்குகின்றனர். கர்த்தா என்பதினும் காவலர் என்பது சாசன வழக்கிற்கு நெருங்கியது. ஆக்கியோர் கருதிச் செய்தனரோ இல்லையோ, சொல் நல்ல சொல். ஆயின் அப்பெயர் ஒரு சிலர்க்கே நியமனத்தால் வருவது. பன்மாகேசுவர என்பதிலுள்ள ‘பன்’ என்னும் அடை அதில் இல்லை. அறத்தைக் காப்பவனுடைய திருவடி தன் தலைமேலது என்று கொடையாளர் கல்லில் எழுதுவித்தபோது, துறவிக்குச் செய்யும் வணக்கத்தையே பின்வருவான் ஒருவனுக்குச் செய்தனர்; அவன் பெயரை அவர்கள் அறியார். சாசனத்தைச் சுருக்கி அச்சிடுவோர் அளவுக்கணக்கிற் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளினும், அக்கடையிரு தொடர்களையும் விடாது பதிப்பித்தல் வேண்டும்.