கதையைச் சொன்னவன் யார்?

பழைய இலக்கியங்களைச் சித்திரக்கதைகளாக்கிச் சிறுவர் கையில் கொடுக்கும் முயற்சி நெடுநாளாக நடந்துவருகிறது. அமெரிக்காவில் 1941-இல் ஆல்பர்ட் கான்டர் புகழ்பெற்ற புதினங்களை இவ்வடிவில் வெளியிடத் தொடங்கினார். நம் நாட்டில் 1967-இல் அனந்த் பை ‘அமர் சித்ர கதா’ வரிசையைத் தொடங்கினார். பஞ்சதந்திரக் கதைகளும் அதில் தனித்தனிப் புத்தகங்களாக வந்தன. இவையெல்லாம் வாசிப்பைக் கெடுப்பன என்று ஒரேயடியாக ஒதுக்குவோர் உளர். அது நியாயமன்று.

பஞ்சதந்திரம் அரபியில் ஓவியத்தின் துணையோடு வளர்ந்த நூலாகும். 6ஆம் நூற்றாண்டில், பாரசீக மன்னர் நவ்ஷேர்வான் காலத்தில், அது பஹ்லவி மொழிக்குச் சென்றது. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதனைக் ‘கலீலா வ திம்னா’ என அரபியில் ஆக்கினார். அந்நூலுக்கு நோக்கங்கள் நான்கு என்பது அவர் கூற்று. விலங்குகளைப் பேசவைத்து இளைஞரை ஈர்ப்பது முதலாவது. வண்ண உருவங்களால் அரசரின் உள்ளத்தை மகிழ்விப்பது இரண்டாவது. அதனால் பிரதிகள் பெருகி நூல் அழியாதிருப்பதும், ஓவியரும் எழுத்தரும் பயன்பெறுவதும் மூன்றாவது. நான்காவது, அறிவுடையோர் தேடி அடையவேண்டிய உட்பொருள். எனவே படம் சேர்ப்பது குற்றமன்று. அந்த நான்காவது நோக்கம் சித்திரக்கதையில் என்னவாயிற்று என்பதே நம் வினா.

சிங்கமும் முயலும் கதையை எடுத்துக்கொள்வோம். கொடுங்கோல் சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துச்சென்று, அதன் நிழலையே மற்றொரு சிங்கமெனக் காட்டி, முயல் அதனை மாய்க்கிறது. தனிக்கதையாகப் படிக்கும் பிள்ளை முயலைப் பாராட்டுகிறது. தந்திரம் வெல்லும் என்னும் பாடத்தோடு புத்தகத்தை மூடுகிறது.

மூலத்தில் இக்கதையைச் சொல்வது யார்? திம்னா என்னும் நரி. அரசனாகிய சிங்கத்தின் அன்பைப் பெற்றுவிட்ட எருதின்மேல் அதற்குப் பொறாமை. குற்றமற்ற எருதை வீழ்த்தத் தன்னால் இயலும் என்று கலீலாவிடம் சாதிப்பதற்காகவே இக்கதையைச் சொல்கிறது. கேட்ட கலீலாவோ, அரசனுக்குக் கேடு விளையுமானால் இதில் இறங்காதே என எச்சரிக்கிறது. ஆகவே நாம் கேட்பது ஆசிரியரின் உபதேசமன்று; ஒரு சதிகாரனின் வாதம். நல்ல கதையும் தீயவன் வாயில் கருவியாகும் என்பதே இங்குள்ள உட்பொருள். சொன்னவனை நீக்கிவிட்டால் அதுவும் உடன் நீங்கிவிடுகிறது.

மூலத்தில் கைவைக்கவே கூடாது என்பது நம் வாதமன்று. வடமொழி நூலில் தமனகன் தண்டனையின்றி அமைச்சனாக நீடிக்கிறான். அரபியிலோ திம்னாவை வழக்குமன்றத்தில் நிறுத்தித் தண்டிக்கும் ஓர் அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அது இப்னுல் முகஃப்பஃ இயற்றியதே என ஆய்வாளர் பலர் கருதுவர். 13ஆம் நூற்றாண்டில் மௌலானா ரூமி தம் மஸ்னவியில் இதே முயல் கதையை எடுத்து, தவக்குலையும் முயற்சியையும் பற்றிய விவாதமாக விரித்தார். இவர்கள் மாற்றியதால் பொருள் ஆழ்ந்தது. பக்கத்தைச் சுருக்கவேண்டிச் சொன்னவனை விலக்கும்போது பொருள் குறைகிறது.

முப்பத்திரண்டு பக்கங்களில் கதைக்குள் கதையைக் காட்ட இடமேது எனக் கேட்கலாம். உண்மையில் சித்திரக்கதைக்கு இது எளிது. எழுத்தில் பல வரிகள் வேண்டுவதை, கட்டத்தின் ஓரத்தில் பேசும் திம்னாவையும் ஐயத்தோடு கேட்கும் கலீலாவையும் வரைந்து உணர்த்திவிடலாம். கிணற்றுக் காட்சிக்குப் பின் கலீலாவின் முகத்தை ஒருமுறை காட்டினாலே போதும். பிள்ளை நின்று யோசிக்கும். குறை வடிவத்தில் இல்லை. அதனைக் கையாள்வோரின் அவசரத்தில் இருக்கிறது.

ஆதலால் பிள்ளைகளின் கையிலிருந்து சித்திரக்கதைகளைப் பறிக்கவேண்டியதில்லை. படித்து முடித்ததும் வாப்பாவோ உம்மாவோ அருகமர்ந்து, இக்கதையை யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்று கேட்கட்டும். புத்தகத்தில் விடையில்லையெனில் மூலத்தை எடுத்து வாசித்துக் காட்டட்டும். நாளை எவரேனும் இனிய கதையொன்றைச் சொல்லித் தம்மை ஒரு பக்கம் இழுக்கும்போது, அதே வினாவை எழுப்பப் பிள்ளைகள் பழகியிருப்பர்.